மிளகு மூடைகள் போன நாள்

ஒன்பதாம் அத்தியாயம்

லொறி போய் ஐந்து நிமிடம் இருக்கும். முனவ்வரா கையில் தும்புத்தடியோடு இன்னும் ஸ்டோர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நாற்பத்திரண்டு மூடை மிளகு இருந்த இடத்தில் இப்போது வெறும் சுண்ணாம்புச் சுவர். நடுவில் பஸீரின் ட்ரம்ஸ் மட்டும், பழைய கட்டில் விரிப்பு ஒன்றைப் போர்த்திக்கொண்டு, வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளி மாதிரிக் கூச்சத்தோடு இருந்தது.

"போதுமா உனக்கு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

"போதுமா உனக்கு?" என்று சுவரும் திருப்பிக் கேட்டது.

முனவ்வரா அவசர அவசரமாகக் கூட்ட ஆரம்பித்தாள்.

மூடைகளுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று, இந்த வாரம்தான் புதிதாக நம்மோடு சேர்ந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

மாத்தளையில் ஒரு காலத்தில் 'கராம்பு' என்று ஒரு ரொக் பேண்ட் இருந்தது. பஸீர் ட்ரம்ஸ். இரத்தோட்டைத் தோட்டத்து மகேஸ்வரன் கிட்டார். அவன் அக்கா ராசம்மா குரல். மூன்று பேருக்கும் ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்க வழியில்லாத வயது. பஸீரின் வாப்பாவுடைய வாசனைத் திரவிய ஸ்டோரில், சுவர் நீளத்துக்கு மூடைகளை அடுக்கி, அதற்கு நடுவில் நின்று வாசித்தார்கள். மிளகு மூடை எதிரொலியை அப்படியே விழுங்கிவிடும். அந்த ஸ்டோரில் பிறந்த ஒரே ஒரு கெசட், இரண்டு வருஷம் மலைநாட்டு பஸ்களிலெல்லாம் ஓடியது. அடுத்த கெசட்டுக்கு ஆயத்தமான நேரத்தில் பஸீருக்கும் முனவ்வராவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. ட்ரம்ஸ் நின்றது. பேண்டும் நின்றது. அது நடந்து இப்போது இருபத்தேழு வருஷம்.

பேராதனையில் படிக்கிற மகள் றுஸ்னா அந்தக் கெசட்டைத் தேடியெடுத்து இணையத்தில் போட்டதும், ஊர் உலகமெல்லாம் கேட்டுவிட்டு "அடுத்த ஆல்பம் எப்போ?" என்று நச்சரித்ததும், ஐம்பதைத் தாண்டிய மூன்று பேரும் மறுபடி அதே ஸ்டோரில் கூடி ஏழு பாட்டை முடித்ததும் போன வாரங்களின் கதை. எட்டாவது பாட்டுத்தான் பாக்கி. இன்றைக்கு, சனிக்கிழமை, அதைப் பாடி முடித்துவிட்டால் ஆல்பம் முடிந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் மூடைகள்ல யாரும் கை வைக்கப்படாது" என்று பஸீர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

முனவ்வரா கை வைத்துவிட்டாள். தெரியாமல் அல்ல. தெரிந்தேதான்.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது அவள் நெஞ்சில் இன்னும் முள்ளாக இருந்தது. மகேஸ்வரன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே சிரித்தான். "முனவ்வரா மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா, இந்நேரம் இருபது ஆல்பம் போட்டிருப்போம் மச்சான்!"

பகிடிதான். இருபத்தேழு வருஷமாக ஊரே சொல்லும் பகிடி. ஆனால் பஸீர் ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். அவர் இறைச்சித் துண்டைப் பிய்த்துக்கொண்டே கூடச் சேர்ந்து சிரித்தார்.

இரவெல்லாம் முனவ்வரா புரண்டு புரண்டு படுத்தாள். நான் எப்போது நிறுத்தச் சொன்னேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் வாயால் சொன்னதுண்டா? கல்யாணமாகி வந்த புதிதில் இன்றைக்கு வாசிப்பார், நாளைக்கு வாசிப்பார் என்று காத்திருந்தவள் அவள். அவர் வாசிக்கவில்லை. கேட்கலாமென்றால் அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். அலுத்துவிட்டது போலும் என்று இவளும் விட்டுவிட்டாள். கடைசியில் பழி மட்டும் இவள் தலையில்.

காலையில் சொல்லிவைத்தாற்போல உக்குவளையிலிருந்து மஸீனா ராத்தாவின் போன் வந்தது. உம்மா மௌத்தான பிறகு முனவ்வராவை வளர்த்து ஆளாக்கிய மூத்த சகோதரி அவள். அவள் சொல்லுக்கு இந்த வீட்டில் எப்போதும் ஒரு தனி நாற்காலி உண்டு.

"மச்சான்ட லொறி கொழும்புக்குப் போகுது, உங்கட தெருவாலதான் வரும். மூடையெல்லாத்தையும் ஏத்தி அனுப்பிரு. அந்தக் கூத்தும் முடியும், உனக்கும் நிம்மதி" என்றாள் ராத்தா.

பஸீர் ராசம்மாவைக் கூட்டிவர இரத்தோட்டைக்குப் போயிருந்தார். முனவ்வரா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஒரு மணித்தியாலத்தில் ஸ்டோர் துடைத்துவிட்டது போல ஆனது.

*

பதினொரு மணிக்கு வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியவன் ஒலிப்பதிவு செய்யும் அன்ஸாப். அக்குறணைப் பிள்ளை, கெட்டிக்காரன். முதல் நாள் வந்தபோது சுவரில் ஒட்டவென்று பஞ்சுப் பலகைகள் கொண்டுவந்து, மிளகு மூடைகளுக்கு நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பார்த்துவிட்டு, பலகைகளை அப்படியே திருப்பிக் கொண்டுபோனவன்.

இன்றைக்கும் பழக்க தோஷத்தில் உள்ளே போனதும் ஒரு கை தட்டினான். அது நாலு கையாகத் திரும்பி வந்தது.

"அங்கிள்... மூடையெல்லாம் எங்க?"

பஸீர் வாசற்படியில் நின்றுவிட்டார். பின்னால் மகேஸ்வரன், கிட்டார் முதுகில். அவனுக்கும் பின்னால் ராசம்மா, கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை.

"என்னா மச்சான் இது? பள்ளிக்கூட ஹோல் மாதிரி கெடக்கு!" மகேஸ்வரனின் குரல் உயர்ந்தது. "மத்த ஏழு பாட்டும் ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி கேக்குமே. யார் தூக்குனது?"

பஸீர் திரும்பி மனைவியைப் பார்த்தார். கூட்டிப் பெருக்கிய தரையைப் பார்த்தார். ஒரு மூச்சு விட்டார்.

"நான்தான்டா. லொறிக்காரனுக்கு நேத்தே சொல்லி வச்சிருந்தேன், வர வேணாமின்டு சொல்ல மறந்துட்டேன்."

முனவ்வராவுக்குக் காது இரண்டும் சுட்டது. ஏசியிருக்கலாம். நாலு பேருக்கு முன்னால் கத்தியிருந்தால்கூட அவளும் பதிலுக்குக் கத்தி, நெஞ்சிலிருந்ததைக் கொட்டியிருப்பாள். இந்த மனிதர் அவளை மறைத்துத் தன்னை முன்னால் நிறுத்திவிட்டார். சமையலறைக்குப் போகிறவள் போல அவள் தெருவைக் கடந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே ராசம்மாவும் வந்தாள்.

"கொஞ்சம் இஞ்சி போட்டு பிளேன்டீ குடு முனவ்வரா. தொண்ட கட்டிக்கிச்சு."

முனவ்வரா அலமாரியைத் திறந்து சுக்குப் போத்தலை எடுத்தாள். புதுக் குடித்தனம் வைத்தபோது மஸீனா ராத்தா தன் கையாலேயே பெயரெழுதி ஒட்டிக்கொடுத்த போத்தல்கள் அவை. சீரகம், மஞ்சள், சுக்கு. சாய்ந்த எழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல், ஒவ்வொன்றுக்கும் குட்டிக் குட்டி வளையம் போடுவது ராத்தாவின் பழக்கம்.

"அடுத்த கிழமை எடுத்துக்கலாமே ராசம்மா. மூடைகள் திரும்ப வந்த பொறகு?"

ராசம்மா சால்வையை விலக்கிக் காட்டினாள். கழுத்தில் எலுமிச்சை அளவில் ஒரு வீக்கம்.

"புதன்கெழம கண்டியில ஆபரேசன். கழுத்துக் கழலையாம். உசுருக்கு ஒண்ணுமில்ல, ஆனா கொரல் இதே மாதிரி இருக்கும்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தம்பிக்கு இன்னும் தெரியாது. பஸீருக்கு மட்டும் வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி தனியாச் சொன்னேன்."

முனவ்வராவின் கையிலிருந்த கரண்டி சாயக் கோப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"அதான் இன்னைக்கே பாடிரணும்னு வந்தேன். அந்தப் பாட்டு அப்பவே பாடியிருக்க வேண்டியது. நான் எழுதுன ஒரே பாட்டு அது. இத்தன வருசம் தேயிலக் கொழுந்து நிறுக்கிற எடத்துல நின்னுக்கிட்டு வாய்க்குள்ளேயே பாடிக்கிட்டு இருந்தேன். பரவால்ல விடு. எதிரொலியோட கெடந்தாலும் என் கொரல்தானே."

அவள் சிரித்தாள். முனவ்வராவுக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்காகவோ எறிந்த கல் யார் மேலேயோ போய் விழுந்திருக்கிறது. வெட்கம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு.

"டீயக் குடிங்க" என்றாள். "கடைசிச் சொட்டு வரைக்கும் குடிங்க. நான் இப்ப வாறேன்."

*

அடுத்த அரை மணி நேரம் அந்தத் தெருவில் நடந்ததை மாத்தளைக்காரர்கள் இன்னும் கொஞ்ச நாளைக்குப் பேசுவார்கள்.

முதலில் ஒரு மெத்தை தெருவைக் கடந்தது. அதன் அடியில் முனவ்வராவின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு இரண்டாவது மெத்தை. பிறகு பக்கத்து வீட்டு நுஸ்லாவும் அவளுடைய புருஷனும் ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு மூன்றாவது. தலையணைகள், குளிருக்குப் போர்த்தும் கம்பளிகள், றுஸ்னா சின்ன வயதில் படுத்த குட்டி மெத்தை. எல்லாம் நல்ல இலவம் பஞ்சு.

"என்ன மதினி, வீடு மாறுறீங்களா?" என்று ஒரு முச்சக்கர வண்டிக்காரர் நிறுத்திக் கேட்டார்.

"இல்ல, மெத்தைகளுக்குப் பாட்டுக் கேக்க ஆசை வந்திட்டுதாம்!" என்றாள் நுஸ்லா.

ஸ்டோருக்குள் மெத்தைகள் சுவரோடு சாய்ந்து நின்றன. கடைசியாக வந்தது பெரிய இரட்டை மெத்தை, முனவ்வராவின் கல்யாண மெத்தை. மகேஸ்வரன் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராசம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

அன்ஸாப் கை தட்டினான். "நல்லாயிருக்கு ஆன்ட்டி. ஆனா எங்கயோ இன்னும் கொஞ்சம் அடிக்குது. எங்கென்டுதான் விளங்கல்ல."

"கதவுக்கு வலப்பக்க மூலை" என்றாள் முனவ்வரா. "அங்க ரெண்டு அடுக்கா வைக்கணும். அந்தக் காலத்துலயும் அங்க மட்டும் ரெண்டு அடுக்குத்தான்."

அன்ஸாப் வைத்துப் பார்த்தான். தட்டினான். கை தட்டிய சத்தம் கையோடு முடிந்தது.

பஸீர் ட்ரம்ஸின் பின்னால் உட்கார்ந்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

லுஹர் தொழுகை முடிந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்தியபோது ஒன்றரை. அஸர் பாங்கு மூன்று மணிக்குப் பிறகு. பள்ளிவாசல் ஒலிபெருக்கி இரண்டு தெரு தள்ளித்தான். அதற்கு முன் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு டியூஷன் வேன்கள், பஸ் ஹோன்கள் என்று தெரு நிறைந்துவிடும்.

முனவ்வரா கதவுக்கு வெளியே போகவில்லை. யாரும் இருக்கச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. தன் கல்யாண மெத்தையின் ஓரமாக நின்றுகொண்டாள்.

மகேஸ்வரனின் கிட்டார் முதலில் வந்தது. பிறகு ராசம்மா.

"மழ விட்டாப் போயிருவேன் மாத்தள பஸ்சுல,
விடாத மழைக்கு ஒரு டிக்கட்டு வாங்கி வச்சேன்..."

முனவ்வரா கண்ணை மூடினாள். ஐம்பதைத் தாண்டிய ராசம்மாவின் குரலில் இப்போது கொஞ்சம் கரகரப்பு. அது பாட்டை இன்னும் அழகாக்கியது. மின்சாரம் போன பின்னேரங்கள் ஞாபகம் வந்தன. மதகில் உட்கார்ந்து காத்திருக்கும் இளவட்டங்கள், ஈரச் சாக்கின் மணம், பாங்கு கேட்டதும் எல்லோருக்கும் முதலில் குச்சியைக் கீழே வைக்கும் பஸீர். அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, ட்ரம்ஸ் அடிக்கும் அவருடைய கையை அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது அடி முடிந்தது. பஸீர் ட்ரம்ஸில் ஓர் உருட்டு உருட்டினார். ராசம்மா திணறி நின்றாள்.

"இல்ல. அங்க இப்பிடியில்ல."

"எப்பிடி?"

"தெரியல. ஆனா இப்பிடியில்ல. மூச்சு எடுக்க எனக்கு எடம் இருந்துச்சு."

மறுபடி வாசித்தார்கள். உருட்டைக் குறைத்துப் பார்த்தார். கூட்டிப் பார்த்தார். தட்டை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் ராசம்மா இடறினாள். அந்தப் பாட்டுக்குக் கெசட் கிடையாது. எழுதி வைத்த தாள் கிடையாது. பேண்ட் கலைந்த கிழமையில் பிறந்த பாட்டு அது. மூன்று பேரும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

இரண்டே முக்கால். ஐந்தாவது தடவை. ராசம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். பஸீர் குச்சிகளை மடியில் போட்டார்.

"எனக்கு மறந்து போச்சு மகேஸ்" என்றார். அந்தக் குரலில் இருந்த தோல்வியை முனவ்வராவால் தாங்க முடியவில்லை.

"நீங்க ஒண்டும் அடிக்க மாட்டீங்க அந்த இடத்துல" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"சும்மா இருப்பீங்க. மூணு எண்ணுற நேரம். பொறகு காலால ஒண்ணே ஒண்ணு." அவள் மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். கதவுச் சட்டத்தில் முஷ்டியால் ஒரு குத்து விட்டாள். "அதுக்குப் பொறகுதான் ராசம்மா தொடங்குவா."

ராசம்மாவின் கண்கள் விரிந்தன. "அதான்! அதேதான் பஸீரு!"

"உனக்கெப்பிடித் தெரியும்?" பஸீரின் குரல் மெல்ல வந்தது.

முனவ்வரா பின்சுவரைக் காட்டினாள். "அந்தச் சுவருக்கு அங்கால எது இருந்திச்சி? எங்கட வாப்பா வீட்டுக் குசினி. நீங்க வாசிக்கிற நேரத்துலதான் நான் தேங்காய் திருவுவேன். நீங்க நிப்பாட்டக்குள்ள நானும் திருவலைய நிப்பாட்டிட்டு மூணு எண்ணுவேன். ஒருநாளும் பிழைச்சதில்ல."

பஸீர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்ஸாப்தான் கடிகாரத்தைப் பார்த்தான். "அங்கிள், பதினஞ்சு நிமிஷம் இருக்கு."

ஆறாவது தடவை. இரண்டாவது அடி முடிந்தது. பஸீரின் கைகள் அந்தரத்தில் நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று. காலால் ஒரே ஒரு அடி. முனவ்வராவின் நெஞ்சுக்குள் அது நேராக விழுந்தது. ராசம்மா முழு மூச்செடுத்துக் கடைசி அடியைப் பாடினாள், திரும்ப ஒருமுறை பாடத் தேவையில்லாதபடி பாடினாள்.

கிட்டாரின் கடைசி அதிர்வு அடங்கியதும் அன்ஸாப் கட்டைவிரலை உயர்த்தினான். மகேஸ்வரன் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "எதுக்குடா அழுற?" என்று கேட்ட ராசம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அடுத்த நிமிடம் அஸர் பாங்கு ஒலித்தது. பஸீர் குச்சிகளைக் கீழே வைத்தார், எல்லோருக்கும் முதலில்.

*

பாங்கு முடியும்வரை காத்திருந்து முனவ்வரா அவரருகே போனாள்.

"மூடைகள நான் வேணுமின்டுதான் குடுத்தேன்."

"தெரியும்" என்றார் பஸீர். "கூட்டி வச்சிருந்தியே. பிழை செஞ்சா நீ கூட்டுவே."

"நேத்து மகேஸ்வரன் சொல்ல நீங்களும் சிரிச்சீங்க. இருவத்தேழு வருஷமா எல்லாரும் என்னையத்தான் சொல்றாங்க. நான் எப்ப உங்கள நிப்பாட்டச் சொன்னேன்? நீங்க எப்ப வாசிப்பீங்கன்டு காத்துக்கிட்டிருந்தவள் நான்."

பஸீர் அவளைப் பார்த்த பார்வையில் முதலில் கோபம் இருந்தது. பிறகு குழப்பம். குனிந்து ட்ரம்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். உட்பக்கத் துணிக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்புகளெல்லாம் பழுத்துப்போயிருந்தன.

"அப்ப இதென்ன?"

முனவ்வரா விரித்தாள்.

'மேளம் அடிப்பவருக்கு வாழ்க்கைப்பட எனக்கு விருப்பமில்லை. நிக்காஹ்வுக்கு முன் அதை விட்டுவிட்டால் சந்தோஷம். இதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசிவிட வேண்டாம். இப்படிக்கு, முனவ்வரா.'

"நீ கேட்டே, விட்டேன்" என்றார் பஸீர். "பேசாதேன்டே, பேசல்ல. மகள் கேட்டதாலதான் இப்ப திரும்பத் தொட்டேன்."

இருபத்தேழு வருஷமாக இந்த மனிதர் அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார், அவள் கேட்காத வாக்கை.

"இது நான் எழுதினதில்ல" என்றாள். மறுபடி சொன்னாள். "அல்லாஹ் மேல ஆணையா, நான் எழுதினதில்ல."

ஆனால் யார் எழுதியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாய்ந்த எழுத்து. ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் குட்டிக் குட்டி வளையம். காலையில்கூடச் சுக்குப் போத்தலில் பார்த்த வளையங்கள்.

அவளுடைய போன் அடித்தது. திரையில் 'மஸீனா ராத்தா'.

பஸீர் பார்த்துக்கொண்டிருக்க, முனவ்வரா போனைக் காதில் வைத்தாள்.

"என்னடி, லொறி வந்திச்சா? மூடையெல்லாம் ஏத்தினாங்களா?"

"ஏத்தினாங்க ராத்தா."

"நல்ல வேலை. இனி அந்தச் சத்தம் இருக்காது."

முனவ்வரா சுவரோடு சாய்ந்து நின்ற மெத்தைகளைப் பார்த்தாள். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். குச்சி பிடித்துக் காய்த்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

"ராத்தா, இன்டைக்கு மஃரிபுக்குப் பொறகு வீட்டுக்கு வாங்க. புதுப் பாட்டு ஒண்டு இருக்கு, எல்லாரும் சேர்ந்து கேப்போம்" என்றாள். "வரக்குள்ள பேனை ஒண்டும் எடுத்துக்கிட்டு வாங்க."

"பேனையா? என்னத்துக்கு?"

"என்ட பேர்ல ஒரு கடுதாசி இருக்கு ராத்தா. இருவத்தேழு வருஷம் கழிச்சி இப்பதான் என்ட கைக்கு வந்திச்சி. பதில் எழுதணும். நீங்கதான் எழுதித் தரணும்."